மன அதிர்ச்சிக்கான (டிராமா) தெரபிக்குப் போகிறீர்களா? முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை

தெரபிக்குப் போகத் தயங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால் நேரமில்லை, பணமில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் பலருக்கும் உள்ளே இருப்பது வேறு: முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளும் வேண்டாம், மூன்றாவது செஷனிலும் வேண்டாம், சில சிகிச்சை முறைகளில் கடைசிவரை விவரமாகச் சொல்லாமலே முன்னேற வழி இருக்கிறது. எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். வன்முறை, விபத்து, பாலியல் அத்துமீறல், போர், சிறுவயதுக் கொடுமை என்று எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் உங்கள் விருப்பத்துக்கு மதிப்பில்லாமல் போனது. அதே நிலைமையைச் சிகிச்சை அறைக்குள்ளும் உண்டாக்கினால் உதவி கேட்டு வந்தவரை இன்னொரு முறை காயப்படுத்துவதாகத்தான் ஆகும்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, உங்களைத் துன்புறுத்துகிறவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் பழைய நினைவுகளைக் கிளறுவது இப்போதைய வேலை இல்லை. பாதுகாப்பாக வெளியே வருவதற்கான திட்டம்தான் முதல் வேலை. நல்ல தெரபிஸ்ட் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அணுகுமுறை வேறு, சிகிச்சை வேறு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிராமாவை மனதில் வைத்து நடந்துகொள்வது என்பது ஓர் அணுகுமுறை. அமெரிக்க அரசின் மனநலத் துறை அமைப்பான சாம்சா 2014-இல் இதற்கு ஆறு கொள்கைகளை எழுதி வைத்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவு இல்லாத நம்பகம், இதே அனுபவம் உள்ளவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, தேர்வும் குரலும் வந்தவரிடமே இருப்பது, பண்பாடும் வரலாறும் பாலினமும் இதில் வகிக்கும் பங்கைக் கணக்கில் எடுப்பது. இவற்றைப் பல் மருத்துவர் கடைப்பிடிக்கலாம், பள்ளிக்கூடம் கடைப்பிடிக்கலாம், மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரும் கடைப்பிடிக்கலாம். ஆனால் இது மட்டுமே கெட்ட கனவையும், நடந்தது மறுபடி நடப்பது போல வரும் ஃப்ளாஷ்பேக்கையும் குறைத்துவிடாது. அதற்கென்று தனியாகச் சிகிச்சைகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் டிராமா என்று எழுதியிருக்கும் ஒருவருக்கு அந்தச் சிகிச்சைகளில் ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு வருடம் இதமாகப் பேசுவார், நீங்களும் லேசான மனதோடு வீடு திரும்புவீர்கள், இரவில் தூக்கம் மட்டும் அப்படியே கெட்டுக்கிடக்கும். உங்களுக்கு இரண்டும் வேண்டும்: மரியாதையாக நடத்தும் ஆள், தொழில் தெரிந்த ஆள்.

எனக்கு இது தேவையா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படியொரு கடும் சம்பவத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களில் பி.டி.எஸ்.டி. (PTSD, அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) வரை போவது 6 சதவீதத்துக்கும் குறைவு. முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்புதான். ஒரு மாதம் தாண்டியும் நினைவு தானாகப் பாய்ந்து வருகிறது, சில இடங்களையும் ஆட்களையும் தவிர்த்தே வாழ்க்கை சுருங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பு எப்போதும் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது என்றால் போங்கள். சம்பவம் நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேச வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது பலன் தரவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு உலக சுகாதார நிறுவனம் உட்படப் பலரும் அதை வேண்டாம் என்றே சொல்கிறார்கள். சிறுவயதில் தொடங்கி வருடக்கணக்காக நடந்த விஷயங்கள் என்றால் பாதிப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்: கோபமோ உணர்வு மரத்துப்போவதோ கட்டுக்குள் வராது, நான் லாயக்கில்லாதவன் என்ற எண்ணம் போகாது, யாரோடும் நெருக்கமாக இருக்க முடியாது. இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே, 2022-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் அனுபவம் இந்தப் பட்டியல் எதிலும் கச்சிதமாகப் பொருந்தவில்லை என்றாலும் தெரபிக்குப் போகத் தடையில்லை.

போன் செய்வதற்கு முன்னால்

அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். கதையை எழுத வேண்டாம். இப்போது எது தொந்தரவாக இருக்கிறது (தூக்கமா, கோபமா, கூட்டத்தில் நிற்க முடியவில்லையா), எது அதைக் கிளப்புகிறது, எது கொஞ்சமாவது அடக்குகிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள், மது அல்லது வேறு போதைப் பழக்கம் இருக்கிறதா, முன்பு தெரபிக்குப் போயிருந்தால் எது பிடிக்கவில்லை. அப்புறம் நடந்ததற்கு ஒரே ஒரு வரி, செய்தித்தாள் தலைப்பு மாதிரி: "சிறுவயதில் வீட்டில் வன்முறை." "மூன்று வருடம் முன்பு ஒரு விபத்து." முதல் செஷனுக்கு இந்த ஒரு வரி போதும். எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அறைக்குள் போனதும் பலருக்குத் தலை வெறுமையாகிவிடும், அப்போது தாளை நீட்டினால் வேலை முடிந்தது.

போனில் நான்கைந்து கேள்விகள் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள். டிராமாவுக்கு எந்தச் சிகிச்சை முறையில் பயிற்சி எடுத்தீர்கள், என் வயதுடையவர்களுக்கு அதைச் செய்திருக்கிறீர்களா, முதல் சில செஷன்களில் என்ன நடக்கும், நான் செஷன் நடுவே தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள், முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பீர்கள். நான்காவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். "நிறுத்திவிட்டு, உங்களை இந்த அறைக்குத் திரும்பக் கொண்டுவருவோம், பிறகு தொடரலாமா வேண்டாமா என்று சேர்ந்து முடிவு செய்வோம்" என்ற மாதிரி ஏதாவது வந்தால் நல்லது. "அழுதால்தான் வெளியே வரும், அதெல்லாம் சரியாகிவிடும்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

வைத்துவிட வேண்டிய வேறு சில பதில்களும் உண்டு. ஒரே செஷனில் குணப்படுத்துகிறேன் என்பவர். உங்களுக்குச் சிறுவயதில் ஏதோ நடந்திருக்கிறது, நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள், ஹிப்னாசிஸ் செய்து வெளியே எடுக்கலாம் என்பவர். நடக்காத ஒன்றை நடந்ததாக மனிதர்கள் உறுதியாக நம்பும்படி செய்ய முடியும் என்று எலிசபெத் லாஃப்டஸ் போன்ற உளவியலாளர்கள் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள், அதனால் இது விளையாட்டில்லை. கேட்காமல் தொடுபவர். அப்புறம், காயப்படுத்தியவரை மன்னித்தால்தான் விடுதலை என்று ஆரம்பிப்பவர். மன்னிப்பது உங்கள் சொந்த விஷயம், செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அதை நிபந்தனையாக வைக்கும் சிகிச்சை முறை எதுவும் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் இல்லை.

முதல் செஷன்

எங்கே உட்காருவது என்பதிலிருந்தே உங்கள் உரிமை ஆரம்பிக்கிறது. கதவு தெரியும்படி உட்கார வேண்டுமா, கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டுமா, விளக்கு கண்ணைக் குத்துகிறதா, சொல்லுங்கள். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரமும் உடம்பு காவலிலேயே இருக்கும், பேசியது எதுவும் உள்ளே போகாது.

எதையும் சொல்வதற்கு முன்னால் ரகசியத்தின் எல்லையைக் கேளுங்கள். எந்த நாட்டிலும் அது முழு ரகசியம் கிடையாது: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற உத்தரவு போன்ற நேரங்களில் பல இடங்களில் அவர்கள் வெளியே சொல்லியாக வேண்டும். விதி இடத்துக்கு இடம் மாறும். குறிப்பு எழுதுவார்களா, அதை யார் பார்ப்பார்கள், குடும்பத்தினர் போன் செய்தால் என்ன சொல்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, நிறுத்தும் அடையாளம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்துவது போதும். வாயால் நிறுத்து என்று சொல்ல முடியாத நிலை வரும், அதற்காகத்தான். அதைச் சும்மாவேனும் ஒரு முறை முதல் செஷனிலேயே பயன்படுத்திப் பாருங்கள். அவர் உண்மையிலேயே பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறாரா என்று தெரிந்துவிடும், உங்கள் உடம்புக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

உடம்பு எல்லை மீறும்போது

டேனியல் சீகல் என்ற மனநல மருத்துவர் 1999-இல் எழுதிய ஒரு கருத்தைத் தெரபிஸ்ட்கள் அடிக்கடி பயன்படுத்துவார்கள்: ஒவ்வொருவருக்கும் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு, அதற்குள் இருக்கும்போதுதான் உணர்ந்துகொண்டே யோசிக்கவும் முடியும். மேலே தாண்டினால் இதயம் அடித்துக்கொள்ளும், வியர்க்கும், கோபமோ ஓடிவிட வேண்டும் என்ற துடிப்போ வரும். கீழே இறங்கினால் நேர் எதிர்: உடம்பு மரத்துவிடும், குரல் எங்கோ தூரத்தில் கேட்கும், ஆள் நாற்காலியில் இருக்க மனம் எங்கோ போய்விடும். மேலே போவதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கீழே போவதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்ப்பவருக்கு நீங்கள் அமைதியாக, ஒத்துழைப்பாக இருப்பது போலத் தெரியும். எனவே உங்களுக்கு அது எப்படி ஆரம்பிக்கும் என்பதை நீங்களே தெரபிஸ்டிடம் சொல்லி வையுங்கள்: "நான் சுவரையே பார்க்க ஆரம்பித்தால் நான் இங்கே இல்லை என்று அர்த்தம்."

திரும்பி வருவதற்குச் செய்வதைத்தான் கிரவுண்டிங் என்கிறார்கள். உள்ளங்கால்களைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை வையுங்கள், சுவரைத் தள்ளுங்கள், இன்றைய தேதியையும் இப்போது உங்கள் வயதையும் சொல்லுங்கள்; வயதைச் சொல்வது சிறுவயது நினைவுகளில் சிக்கிக்கொள்கிறவர்களுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு உதவும். மரத்துப்போனவர் எழுந்து நடக்க வேண்டும், படபடப்பவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

மூச்சுப்பயிற்சி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்பதை எல்லோருக்கும் நல்லது என்று கொடுத்துவிடுகிறார்கள். பலருக்கு நல்லதுதான். ஆனால் கழுத்தை நெரிக்கப்பட்டவருக்கும் மூச்சுத்திணறலை அனுபவித்தவருக்கும், கண்ணை மூடினாலே காட்சி வந்துவிடுகிறவருக்கும் அது பீதியைக் கூட்டலாம். உங்களுக்கு அப்படி என்றால் அது உங்கள் குறை இல்லை. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, கால்கள், கைகள், அறையில் இருக்கும் பொருட்கள் என்று வெளியே கவனத்தை வையுங்கள். எந்தப் பயிற்சியாக இருந்தாலும் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே தினமும் செய்து பழகிக்கொள்ளுங்கள், புயல் அடிக்கும்போது புதிதாகக் கற்க முடியாது. தவிப்பு இப்போது எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணால் சொல்லிப் பழகுவதும் உதவும். செஷன் நடுவே நீளமாக விளக்கத் தேவையில்லை, "எட்டு" என்றால் அவருக்குப் புரியும்.

உண்மையான வேலை

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் மூன்று கட்டங்களாக மீட்சியை விவரித்தார்: முதலில் பாதுகாப்பும் நிலைப்படுதலும், பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது, பிறகு மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி இணைவது. இன்றும் பலர் இதை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். ஆனால் முதல் கட்டத்தை எவ்வளவு நீட்டுவது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, தேவையில்லாமல் நீட்டினால் கிடைக்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகிறது என்கிறார்கள் ஒரு சாரார். எனக்கு அந்த வாதம் நியாயமாகத்தான் படுகிறது. வேகத்தை நீங்கள் முடிவு செய்வது என்றால் காலவரையின்றித் தள்ளிப்போடுவது என்று ஆகிவிடக் கூடாது, இரண்டு மூன்று மாதம் கிரவுண்டிங் மட்டுமே நடக்கிறது என்றால், "அடுத்த கட்டத்துக்கு எப்போது போவோம், எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்று கேளுங்கள்.

அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு நல்ல ஆதாரம் உள்ள முறைகள் சில. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையில் தவிர்த்துவந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக, திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்; வழக்கமாக 8 முதல் 15 செஷன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 நிமிடம். உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக்கின் சி.பி.டி. (CPT, Cognitive Processing Therapy) முறை சுமார் 12 செஷன். "என்னால்தான் நடந்தது", "யாரையும் நம்ப முடியாது" போன்ற, உங்களை அதே இடத்தில் கட்டிப்போடும் எண்ணங்களைத் தாளில் எழுதிச் சோதிப்பது இதன் மையம். நடந்ததை விவரமாக எழுதாமலே இதைச் செய்யும் வடிவமும் உண்டு, வாயைத் திறக்கவே முடியவில்லை என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987-இல் தொடங்கிய இ.எம்.டி.ஆர். (EMDR) என்ற கண் அசைவுச் சிகிச்சையில் நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரலையோ விளக்கையோ கண்ணால் பின்தொடர்வீர்கள். இதிலும் அதிகம் பேச வேண்டியதில்லை. கண் அசைவுதான் வேலை செய்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், ஆனால் சிகிச்சை மொத்தமாகப் பலன் தருகிறது என்பதால் 2013-இலேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்துவிட்டது. போர், இடப்பெயர்வு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சம்பவங்கள் இருப்பவர்களுக்கு, வாழ்க்கைக் கதையைக் காலவரிசையில் ஒழுங்குபடுத்தும் முறை ஒன்றும் இருக்கிறது, அகதிகளோடு வேலை செய்தே அது வளர்ந்தது.

இதில் எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு ஒத்துவருவதும் அந்த ஆளுக்குச் செய்யத் தெரிந்ததும் எதுவோ அதுதான்.

மருந்து தனிக்கதை. செர்ட்ரலின், பராக்ஸெடின், வென்லஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு உதவும், மனநல மருத்துவர் முடிவு செய்வார். தூக்கத்துக்காகக் கொடுக்கப்படும் பென்சோடையசெபின் வகை மாத்திரைகளைப் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவரோடு பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

செஷனுக்கு வெளியே

நினைவுகளைத் தொடும் வாரங்களில் கனவுகள் கொஞ்சம் கூடலாம், எரிச்சல் கூடலாம். பெரும்பாலும் அது தற்காலிகம், ஆனால் வேலைக்குப் போக முடியாத அளவுக்கோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் அளவுக்கோ போனால் அடுத்த செஷனுக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள். செஷன் முடிந்த உடனே முக்கியமான மீட்டிங், நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது, குடும்பச் சண்டையைத் தீர்ப்பது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் இருப்பவரிடம் முன்கூட்டியே, "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கொஞ்சம் அமைதியாக இருப்பேன், என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

வீடியோ வழியாகவும் இந்தச் சிகிச்சைகள் நடக்கின்றன, பலன் தருகின்றன. அதற்குக் கதவடைத்த அறை, ஹெட்போன், நீங்கள் இருக்கும் முகவரியும் அவசரத்துக்கு அழைக்க ஒரு நபரின் எண்ணும் தெரபிஸ்டிடம், இணைப்பு நடுவில் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்ற ஒப்பந்தம், இவ்வளவும் இருக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்பதை உணர்வை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், ஒரு மோசமான வாரம் நாலு மாத முன்னேற்றத்தை மறைத்துவிடும். பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் எவ்வளவு என்று அளக்க பி.சி.எல்-5 (PCL-5) என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, மதிப்பெண் 0 முதல் 80 வரை. ஆரம்பத்தில் ஒரு முறை, பிறகு சில வாரத்துக்கு ஒரு முறை நிரப்பக் கேளுங்கள். அதோடு உங்கள் வாழ்க்கையிலிருந்தே இரண்டு மூன்று அடையாளங்களைக் குறித்து வையுங்கள்: விளக்கை அணைத்துத் தூங்கினேனா, அந்தத் தெரு வழியாகப் போனேனா, கதவு அறைந்து சாத்தினால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறேன்.

தெரபிஸ்ட் சொன்ன ஒரு வார்த்தை குத்திவிட்டது என்றால் அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடத்தான் தோன்றும். ஒரு முறையாவது சொல்லிப் பாருங்கள், நேரில் முடியாவிட்டால் மெசேஜில்: "போன தடவை நீங்கள் அப்படிக் கேட்டது எனக்குக் குற்றம் சாட்டுவது போல இருந்தது." அவர் கேட்டுக்கொண்டு, தன் பங்கை ஒப்புக்கொண்டால் அந்த உறவு முன்பைவிடப் பலமாகிவிடும். சமாளித்தால், உங்கள் மீதே திருப்பினால், வேறு ஆளைப் பாருங்கள். பாலியல் ரீதியாக நெருங்குவது, பணம் கடன் கேட்பது போன்றவற்றுக்கு இந்தப் பொறுமையெல்லாம் தேவையில்லை, அன்றோடு வெளியே வந்து உரிமம் கொடுக்கும் அமைப்பில் புகார் செய்யலாம்.

முடிக்கும் நேரம் வரும்போது திடீரென்று நின்றுவிடாதீர்கள், கடைசி இரண்டு மூன்று செஷனை அதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். எது கிளப்பும், முதல் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். சம்பவம் நடந்த தேதி வருடாவருடம் வரும், அது ஞாபகத்தில் இல்லாவிட்டாலும் உடம்பு சிலருக்கு அந்த வாரத்தில் தடுமாறும். காலண்டரில் குறித்து, அந்த வாரத்துக்கு ஒரு செஷனை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தேவைப்படவில்லை என்றால் ரத்து செய்துகொள்ளலாம்.